ஹெச்4-ல் வந்த வக்கீல் ஃபெடரல் ஜட்ஜ் ஆகலாமா?

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆறு வருடம் பிராக்டிஸ் செய்துவிட்டு, கணவரின் வேலைக்காக ஹெச்4 விசாவில் (ஹெச்1பி-யில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குத் தருவது) நியூ ஜெர்சி வந்திருக்கும் தங்கச்சி கேட்டிருக்கிறார்: இங்கே வக்கீலாகி ஒருநாள் ஃபெடரல் ஜட்ஜ், அதாவது மத்திய நீதிமன்ற நீதிபதி, ஆக முடியுமா, அதற்கு என்ன பரீட்சை, வீடு எந்த ஊரில் பார்க்கலாம், குழந்தைக்குத் தமிழ்ப் பள்ளி உண்டா? வீடும் பள்ளியும் எடிசனில் எந்த மளிகைக் கடை வாசலில் நின்றாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஃபெடரல் ஜட்ஜ் ஆவதற்குப் பரீட்சையே கிடையாது. அதிபர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் ஒப்புதல் தர வேண்டும். கிடைத்துவிட்டால் ஆயுளுக்கும் பதவி. சம்பளத்தைக்கூட யாரும் குறைக்க முடியாது. அரசியல் சட்டத்தைப் புரட்டினால் வயது, பிறந்த நாடு, ஏன், சட்டப் பட்டம் பற்றிக்கூட ஒரு வரி இருக்காது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எழுதி வைக்காத நிபந்தனைகள்தான் இங்கே ஆளை வடிகட்டும். உங்கள் மாநில செனட்டருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். சில செனட்டர்கள் குழு வைத்து விண்ணப்பம் வாங்குகிறார்கள், ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்களும் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டுமே! வக்கீல்களின் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் வேறு தகுதியை எடைபோடும். சுமார் 12 வருட அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள்.

ஃபெடரல் ஜட்ஜ் ஸ்ரீ ஸ்ரீனிவாசன் படம் உங்கள் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். 'நம்ம திருநெல்வேலிக்காரர்' என்று போட்டு, கீதையின் மேல் கைவைத்துப் பதவியேற்றதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்பாவுக்குத்தான் திருநெல்வேலிப் பக்கம். இவர் பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கான்சஸ் மாநிலத்து லாரன்ஸில். ஸ்டான்ஃபோர்டில் சட்டம், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ'கானரிடம் கிளார்க் என்னும் சட்ட உதவியாளர், பெரிய நிறுவனம் ஒன்றில் வக்கீல், அப்புறம் அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம். 2013-ல் செனட்டில் 97-0. 2020-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. இந்த வரிசையை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

எனக்குப் பிடித்தவர் இன்னொரு ஃபெடரல் ஜட்ஜ், ஜாக்குலின் நுயென். வியட்நாமில் பிறந்து, சைகோன் விழுந்த 1975-ல் அகதியாக வந்து கலிஃபோர்னியா முகாமில் கூடாரத்தில் இருந்த குடும்பம். பெற்றோர் டோனட் கடை நடத்தினார்கள். அரசு வழக்கறிஞராகி, 2002-ல் மாநில நீதிபதி, 2009-ல் ஃபெடரல் மாவட்ட நீதிபதி, 2012-ல் ஒன்பதாவது சர்க்யூட் எனும் மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் அவரும் சட்டம் படித்தது இங்கேதான். நம்மைப் போல அங்கே படித்துவிட்டு வந்து, ஒரு வருட எல்.எல்.எம். (சட்ட மேற்படிப்பு) முடித்து அந்த வரிசையில் நிற்பது மிகக் கடினம். அதுதான் ஆசை என்றால் இங்கத்திய சட்டப் பட்டமான மூன்று வருட ஜே.டி. படியுங்கள். இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிபதி (பதவிக்காலம் 8 வருடம்), திவால் நீதிபதி (பதவிக்காலம் 14 வருடம்) என்று பக்கத்துக் கதவுகள் உண்டு. இவர்களை நியமிப்பது நீதிபதிகளே. அதிபரும் செனட்டும் தேவையில்லை. விசா, நாடுகடத்தல் வழக்குகளைக் கேட்கும் குடியேற்ற நீதிபதி என்பவர் கோர்ட்டைச் சேர்ந்தவரே அல்ல, அரசின் நீதி அமைச்சகத்து ஊழியர். அதையும் ஃபெடரல் ஜட்ஜ் என்று தமிழ்ச் சங்கத்தில் சொல்லித் திரிகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உங்களை முதலில் தேடி வருவது நம்மவர்கள்தான். விசா ஃபாரம் நிரப்பித் தரும் கடைக்காரர், 'மேடம் ஹைகோர்ட் வக்கீலாச்சே, சும்மா வந்து உட்காருங்க, கையில் பணமாகத் தருகிறேன்' என்பார். போகாதீர்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்வது குற்றம். ஹெச்4-ல் வேலை அனுமதி இல்லாமல் உட்கார்ந்தால் விசாவுக்கும் கேடு. சம்பளமே வாங்கவில்லை என்றாலும் சிக்கல் வரலாம். வக்கீல் லைசென்ஸ் கேட்கும் பார் விண்ணப்பத்தில் பழைய வேலைகளை எல்லாம் கேட்பார்கள். ஜட்ஜ் பதவி வரை போனால் எஃப்.பி.ஐ. விசாரணை, செனட் குழுவின் கேள்வித்தாள். எங்கே வேலை பார்த்தீர்கள், என்ன எழுதினீர்கள், எந்த மேடையில் பேசினீர்கள் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும். பொங்கல் விழாவில் மைக் பிடித்ததும் அதில் வரும்.

நான் 2001-ல் வந்தபோது ஹெச்4-க்கு வேலை அனுமதியே கிடையாது. சிலருக்காவது அது கிடைக்க ஆரம்பித்தது 2015-ல்தான். 'வக்கீலா? அது இங்கே செல்லாதும்மா, சாஃப்ட்வேர் க்யூ.ஏ. டெஸ்டிங் கோர்ஸ் சேர்ந்துடு' என்று சொல்லாத அண்ணன் இல்லை. அந்த அண்ணன்களே இன்று கிரீன் கார்டு கேள்வியோடு கல்யாண வீட்டில் என் பக்கத்து நாற்காலியைப் பிடிக்கிறார்கள், ஃபீஸ் என்றால் மட்டும் காது கேட்காது. நியூயார்க் லைசென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு குடியேற்ற வழக்குகள் நடத்துகிறேன். அது ஃபெடரல் சட்டம் என்பதால் ஒரு மாநில லைசென்ஸ் போதும். கவுனும் கழுத்துப் பட்டையும் இல்லாமல் கோர்ட்டில் நிற்க ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. 'மை லார்ட்' வாயில் வராமல் பழக்கிக்கொண்டேன்.

அந்த லைசென்ஸுக்கான பார் பரீட்சையை நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் எழுதினேன். கையால்தான் எழுத வேண்டியிருந்தது. பிறக்காத பேரனுக்குச் சொத்து எழுதி வைத்தால் எவ்வளவு காலம் செல்லும் என்று ஒரு கேள்வி. பக்கத்து மேசைப் பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு இதே விஷயத்தைச் சொல்லும் இந்தியாவின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 14-ஆம் பிரிவு மனப்பாடம். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

பரீட்சையைவிடப் பெரிய பாடு மதிப்பெண் பட்டியல். படித்த இடத்திலிருந்து நேராக நியூயார்க் பார் பரீட்சை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே இருந்த கிளார்க்கோ, 'கையிலேயே வாங்கிட்டுப் போங்க சார்' என்று என் அப்பாவிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். வாங்கினால் செல்லாது. கடைசியில் அப்பாவே உறை, தபால்தலை, கோந்து எல்லாம் வாங்கிப்போய், கண்முன்னே ஒட்டி சீல் வைக்கச் சொல்லி, அந்த கிளார்க்கோடு தபால் பெட்டி வரைக்கும் நடந்தார்.

எல்.எல்.எம்.முக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை முடியுங்கள். உங்கள் பட்டத்தை மதிப்பிட்டு, நேரடியாகவே பரீட்சை எழுதலாம் என்று அந்த வாரியம் சொல்லவும் வாய்ப்பு உண்டு. சென்னையில் அலையக்கூடிய ஆள் யாராவது இருந்தால் காலையிலேயே அனுப்பிவையுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் போனால் சீட்டில் ஆள் இருக்காது.