ராமேஸ்வரத்தில் ஒரு சிறுவன் வீட்டை விட்டு ஓடிவந்தவன் போலத் தனியாக நின்றால் என்ன செய்வது?

ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷன். கோபித்துக்கொண்டு ரயிலேறிய பிள்ளையும் இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். அக்னி தீர்த்தக் கரையில், பை எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடக் கால்சட்டையோடு உட்கார்ந்திருப்பான். யாத்திரைக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படமாட்டான்.

"ஏன்டா ஓடிவந்தே?" என்று ஆரம்பிக்காதீர்கள், எழுந்து போய்விடுவான். "சாப்பிட்டியா தம்பி?" போதும். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஸ்டேஷனுக்குள் என்றால் ரயில்வே போலீசிடமே சொல்லலாம். 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவர்கள் அவனைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

பாவமே என்று உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தகவல் சொல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்" என்பதும் வேண்டாம். அடிக்குப் பயந்து வந்தவனை அதே அடிக்கே அனுப்புகிறோமா என்று நமக்கு எப்படித் தெரியும்? (பாதி வழியில் மானாமதுரையில் இறங்கிவிட்டால்?) வீடு பாதுகாப்பானதா என்று குழு விசாரிக்கும், இல்லையென்றால் குழந்தைகள் இல்லத்தில் தங்கவைக்கும்.

"படகில் வேலை, மூன்று வேளை சோறு" என்று யாராவது அவனைக் கூப்பிட்டால், போனில் அதையும் சொல்லுங்கள். அவன் போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான்.