ரிசைன் பேப்பருக்கு அடியில இன்னொரு பேப்பர் இருக்கும், தம்பி

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். சிங்கப்பூர் வந்து 14 மாசம், கட்டுமான வேலை பர்மிட், பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அஞ்சு மாசமா ஓட்டி, அதாவது ஓவர்டைம் காசு வரலை. கேட்டா "புராஜெக்ட் பணம் வரலை"ங்கிறாங்க. ரெண்டாவது தடவை கேட்டதும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "நீயே ரிசைன் பண்ணிட்டுப் போ, டிக்கெட் போட்டுத் தர்றோம், இல்லேன்னா பிளாக்லிஸ்ட்"னு பேப்பரை நீட்டியிருக்காங்க. கையெழுத்து போடலாமா, அந்தக் காசு கிடைக்குமா, திரும்ப இந்த ஊருக்கு வர முடியுமான்னு கேட்டிருக்கீங்க.

கையெழுத்து போடாதீங்க. மத்ததை அப்புறம் படிக்கலாம், இதை மட்டும் முதல்ல மனசுல வாங்கிக்கங்க. "ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன்"னு சொல்லிட்டு வெளியில வாங்க. சண்டை போட வேண்டாம், கத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் போட்டவன். 2008-ல வந்தேன், ஜூரோங் பக்கம் சைட், ஒரு நாளைக்கு 18 வெள்ளி. மறு வருஷம் வேலை குறைஞ்சப்போ நாலு மாச ஓட்டி பாக்கி நின்னுச்சு. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, குளிச்சு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம், ஆபீஸ் ஆள் ரெண்டு பேர் டார்மிட்டரிக்கே வந்தாங்க. ஏழு பேரை வரிசையா நிக்க வெச்சு ரெண்டு ரெண்டு பேப்பர். மேல இருந்தது "சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன்". அடியில இருந்ததை யாரும் படிக்கலை. விரலை வெச்சு "இங்க, இங்க"ன்னு காட்டினாங்க, போட்டோம். ரெண்டாவது பேப்பர்ல "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை"ன்னு இருந்ததுன்னு மறுநாள் திருச்சி பிளைட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்போதான் தெரிஞ்சுது. எனக்குப் போனது 640 வெள்ளி. அப்போ வெள்ளி 33 ரூபா, கணக்குப் போட்டுக்கங்க.

ஏழு பேர்ல ஒருத்தர் போடலை. அரியலூர் பக்கத்து அண்ணன், வயசுல மூத்தவர். "கண்ணாடி உடைஞ்சுபோச்சு, படிக்க முடியலை, காலையில போடுறேன்"னார். காலையில அஞ்சு மணிக்கே பஸ் ஏறி மேன்பவர் ஆபீஸுக்கு, அதாவது அரசாங்கத்தோட மனிதவள அமைச்சுக்குப் போயிட்டார். மூணு மாசம் இழுத்துச்சு, ஆனா வாங்கிட்டார். கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்திருக்கு.

அதனால ரிசைன் பேப்பரைப் பார்த்து மட்டும் பயப்படாதீங்க. நீங்க வேலையை விட்டாலும், அவங்களே நிறுத்தினாலும், செஞ்ச ஓட்டிக்குக் காசு கொடுத்தே ஆகணும். ரிசைன் பண்ணதால ஓட்டி காசு அழிஞ்சிடாது. அதை அழிக்கப் பார்க்கிறது அடியில இருக்கிற அந்த "பெற்றுக்கொண்டேன்" பேப்பர்தான். ஏற்கெனவே போட்டிருந்தாலும் போய்ச் சொல்லலாம், கதவை மூட மாட்டாங்க. ஆனா "வாங்கினேன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கியே"ன்னு கேட்டா அதுக்கு நாமதான் பதில் சொல்லணும். தேவையில்லாத பாரம்.

டிக்கெட்டைப் பெரிய உபகாரம் மாதிரி சொல்லியிருக்காங்க பாருங்க, அதுல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. பர்மிட்ல வந்தவனை ஊருக்கு அனுப்புற செலவு எப்பவுமே முதலாளியோடது. மலேசியாக்காரர் தவிர ஒவ்வொரு பர்மிட் ஆளுக்கும் அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி பாண்டு (ஜாமீன்) கட்டித்தான் அழைச்சுட்டு வந்திருக்காங்க. பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்துட்டுத்தான் அனுப்பணும்ங்கிறதும் பர்மிட் நிபந்தனைதான்.

இப்போ காசுக் கணக்கு. பாதிப் பேர் இங்கதான் ஏமாறுறாங்க, தனக்கு எவ்வளவு வரணும்னே தெரியாது. பேசிக் சம்பளத்தை 12-ஆல பெருக்குங்க: 9,600. அதை 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு 44 மணி, அதாவது 2,288-ஆல வகுத்தா மணிக்கு 4 வெள்ளி 20 காசு. ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, அப்போ 6 வெள்ளி 29 காசு. நீங்க காலையில எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு, நடுவுல ஒரு மணி சாப்பாடுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாளைக்கு மூணு மணி ஓட்டி. 22 நாள் வெச்சா 66 மணி. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, ஆனா அஞ்சு மணி வரைக்கும் வேலை வாங்கறாங்கன்னா வாரம் நாலு மணி, மாசம் 16. மொத்தம் 82 மணி, மாசத்துக்கு 516 வெள்ளி. அஞ்சு மாசம்னா 2,580. ஞாயிறு வரச் சொல்லியிருந்தா அது தனிக் கணக்கு: அரை நாளுக்கு மேல வேலை வாங்கியிருந்தா ரெண்டு நாள் சம்பளம்.

இதுல ரெண்டு இடத்துல கையை வைப்பாங்க. ஒண்ணு, "மாசம் 72 மணிதான் ஓட்டி, அதுக்கு மேல சட்டத்துல இல்லை"ம்பாங்க. 72 மணிங்கிறது வேலை வாங்குறவனுக்கு உள்ள வரம்பு. 82 மணி வாங்கிட்டு 72-க்குக் காசு கொடுக்கிறதுக்கு அது சாக்கு இல்லை. இன்னொண்ணு, பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸைக் கூட்டிக் காட்டுவாங்க. ஓட்டி பேசிக்கை வெச்சுத்தானே, அதனால. ஊர்லேர்ந்து கிளம்புறப்போ வந்த ஐபிஏ லெட்டரை (வேலை பர்மிட்டுக்கான முன்அனுமதிக் கடிதம்) தேடி எடுங்க. அதுல பேசிக் எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும். நீங்க எழுத்துல சம்மதிக்காம, மேன்பவருக்கும் சொல்லாம அதைக் குறைக்க முடியாது.

நாள் கணக்கு இதைவிட முக்கியம். வேலையில இருக்கிறப்போ புகார் கொடுத்தா ஒரு வருஷத்துக்குள்ள உள்ள பாக்கியைத்தான் கேட்க முடியும். வேலை போயிட்டா, கடைசி நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள கொடுத்துடணும். உங்க பாக்கி அஞ்சு மாசம்தான், இப்போதைக்கு எல்லாம் உள்ளே இருக்கு. மிரட்டி ரிசைன் பண்ண வெச்சா அதை வேலை நீக்கமாவே எடுத்துக்கிட்டுத் தனியா புகார் பண்ண முடியும். ஆனா அதுக்கு ஒரே ஒரு மாசம்தான். மிரட்டினதுக்கு அத்தாட்சியும் வேணும். அன்னிக்கு ஆபீஸ்ல யார் என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கே எழுதி வெச்சுடுங்க, தேதி நேரத்தோட. வாட்ஸ்அப்ல ஏதாவது அனுப்பியிருந்தா அழிச்சுடாதீங்க.

அத்தாட்சின்னதும் பெருசா நினைக்காதீங்க. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். "மார்ச் 12, 8–8, லாரி 8.40-க்கு வந்துச்சு, ரீபார் வேலை, சூப்பர்வைசர் இன்னார்"னு ஒரு வரி. டைம் கார்டை தினமும் ஒரு போட்டோ. லாரி எத்தனை மணிக்கு வரும்னு குரூப்ல போடுறாங்களே, அதுவே வேலை எப்போ முடிஞ்சுதுன்னு சொல்லிடும். பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க. பே ஸ்லிப் கொடுக்கலைன்னா அதுவே அவங்க பக்கத்துத் தப்பு. ஓட்டி மணியைப் பிரிச்சுக் காட்டின ஸ்லிப் 2016 ஏப்ரல்லேர்ந்து கட்டாயம். எல்லாத்தையும் ஊர்ல தங்கச்சிக்கோ மச்சானுக்கோ அனுப்பி வெச்சுடுங்க. போனைப் பிடுங்கின கதையெல்லாம் பார்த்திருக்கேன்.

புகார் கொடுக்கிற இடத்துக்குப் பேர் டாட்எம் (TADM), சம்பளத் தகராறைப் பேசித் தீர்த்து வைக்கிற அமைப்பு. 2017-ல ஆரம்பிச்சது. பெண்டமீர் ரோட்ல இருக்கிற மேன்பவர் சர்வீஸ் சென்டர்லதான் இருக்கு, சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் ஐடி) இருந்தா ஆன்லைன்லயும் போடலாம். முதல்ல ரெண்டு பக்கத்தையும் உட்கார வெச்சுப் பேசுவாங்க. இங்க ஒண்ணு கவனிக்கணும்: கம்பெனி 2,580-க்கு 1,200 தர்றேன்னு வரும். வாங்கிக்கிறதும் வேண்டாங்கிறதும் உங்க இஷ்டம், ஆனா ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டா அதோட முடிஞ்சுது. ஒத்துவரலைன்னா ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க, அதை வெச்சு நாலு வாரத்துக்குள்ள எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் டிரைபியூனல்ல, அதாவது சம்பள வழக்கு மன்றத்துல போடணும். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேட்கலாம். ரெண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, அதுல நமக்குத்தான் நல்லது. தனியாப் போக பயமா இருந்தா சிராங்கூன் ரோட்ல மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர் இருக்கு, ராத்திரியிலும் போன் எடுப்பாங்க. டிடபிள்யூசி2, ஹோம்னு ரெண்டு அமைப்பும் இந்த மாதிரி கேஸை வருஷக்கணக்கா பார்க்கிறவங்க.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்ப மாட்டேன். புகார் கொடுத்தா பர்மிட்டை கேன்சல் பண்ண வாய்ப்பு ஜாஸ்தி. அப்படிப் பண்ணினா கேஸ் முடியுற வரைக்கும் ஸ்பெஷல் பாஸ்ங்கிற தற்காலிக அனுமதியில இருப்பீங்க. தங்குமிடம், சாப்பாடு அப்பவும் முதலாளி பொறுப்புதான்னாலும், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கொடுக்கிற சோறு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம். அந்தப் பாஸை வெச்சுக்கிட்டு அனுமதியில்லாம எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாது. "தெரிஞ்ச இடம், ஒரு நாளைக்கு 60 வெள்ளி"ன்னு யாராவது கூப்பிடுவான். மாட்டினா கேஸும் போச்சு, ஆளும் போச்சு. மாசம் பணம் அனுப்ப முடியாது, ஏஜென்ட் கடனுக்கு வட்டி ஓடும். இதை வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க, பாதியில தெரிஞ்சா அவங்க அழுறதுலயே நம்ம மனசு உடைஞ்சுடும். நியாயமான பாக்கி இருக்குன்னு ஆனவங்களுக்குப் பழைய முதலாளி சம்மதம் இல்லாம வேற கம்பெனி தேட விட்டிருக்காங்க. எல்லாருக்கும் கிடைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனா கேட்டுப் பார்க்காம இருந்துடாதீங்க.

பிளாக்லிஸ்ட்டைப் பத்தி. யாரை உள்ளே விடணும், யாரை விடக் கூடாதுங்கிறதை முடிவு பண்றது அரசாங்கம். உங்க ஆபீஸ் அக்கவுன்டன்ட் இல்லை. சம்பளம் கேட்டது குற்றம் இல்லை. நான் 2011-ல திரும்ப வந்து, எஸ் பாஸ் (பர்மிட்டுக்கு அடுத்த படி வேலை பாஸ்) மாறி, இன்னிக்கு பிஆரா (நிரந்தரவாசியா) உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். அந்த அரியலூர் அண்ணனும் மறுபடி வந்து எட்டு வருஷம் துவாஸ்ல இருந்தார்.

பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்குன்னு எழுதவே இல்லையே? கம்பெனிகிட்ட இருந்தா கேட்டு வாங்குங்க, அவங்க வெச்சுக்கக் கூடாது. நாளைக்கே லாரியில ஏத்தி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போயிட்டாலும் பதறாதீங்க. இமிகிரேஷன் கவுன்டர்ல இருக்கிற ஆபீசர்கிட்ட "சேலரி நாட் பெய்டு, ஐ வான்ட் மேன்பவர்"னு சொல்லுங்க. அங்கேயே நிறுத்தி மேன்பவருக்குத் தகவல் கொடுப்பாங்க. கூட வந்த ஆள் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை லீவுன்னா தேக்கா பக்கம் வாங்க, மூணு மணிக்கு மேல நான் அங்கதான் இருப்பேன். ஐபிஏ லெட்டர், நோட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் மூணும் எடுத்துட்டு வாங்க. 82 மணிங்கிறது நான் உத்தேசமா போட்டது, உங்க நோட்டை வெச்சு மாசாமாசம் சரியா கூட்டி எழுதிடலாம். திங்கட்கிழமை பெண்டமீர் ரோடு போறப்போ கையில அந்த ஒரு தாள் இருந்தா போதும்.