ராஜா பேச்சுக்குத் தடை போடாதீர்கள், தலைப்பை மாற்றுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு பழைய பாட்டு போட்டுக் கேட்டுப் பேசுகிறோம். நாலைந்து பேர் இளையராஜாவைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேச விடுவதில்லை. பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஜூனில் பிறந்தநாள் விழா என்று வெளியாள் ஒருவர் மூலம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூல் வேறு. சண்டை வராமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தடை மட்டும் போடாதீர்கள். "இனி ராஜா பேச்சே கூடாது" என்றால் அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் இரண்டு குழு ஆகிவிடும். "பழைய பாட்டு" என்று பொத்தாம்பொதுவாக வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் வைத்ததுதான் தலைப்பு. ஒரு மாதம் பி.பி.ஸ்ரீநிவாஸை எடுங்கள், கன்னட நடிகர் ராஜ்குமாருக்குப் பாடியவர் என்பதால் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளும் வாய் திறப்பார்கள். அடுத்து இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷ். ராஜா அவரிடம் உதவியாளராக இருந்தவர், அதனால் ரசிகர்கள் ஆசையாக வருவார்கள், ஆனால் அன்றைக்கு ஒலிப்பது வெங்கடேஷின் பாட்டு. 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள், அந்த ஒரு படத்தையே ஒரு மாலை முழுக்கப் பேசலாம். பாட்டைக் கொண்டுவந்தவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரக்கூடாது என்று மட்டும் கறாராக இருங்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்த ஆயிரம் ரூபாய்தான். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பேசுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி: கச்சேரியில் முன்வரிசை டிக்கெட், சாரை நேரில் பார்க்கலாம், பாட்டு போட லைசென்ஸும் நானே வாங்கித் தருகிறேன். பணம் போவது அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு, ரசீது மட்டும் வராது. தயவுசெய்து ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ் பயம் உங்களுக்குத் தேவையே இல்லை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பாருங்கள். குடியிருப்பவர்களின் பொது உபயோகத்துக்கான ஹாலில், அவர்களுக்கான வசதியாக, பதிவான பாட்டை ஒலிக்கவிடுவது மீறல் ஆகாது. ஹோட்டலுக்கு இது பொருந்தாது, உங்கள் அபார்ட்மென்ட் ஹாலுக்குப் பொருந்தும். லாப நோக்கமில்லாத கிளப்புக்கும் இதே விலக்கு உண்டு. நீங்களே பாடினாலும் சரி, தொழில்முறைக் குழுவாக இல்லாமல், கேட்கிறவர்களிடம் காசு வாங்காமல் இருந்தால் போதும். சட்டத்தில் சில வரிகளில் இருக்கிற இந்த விஷயத்தைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற தமிழிலோ கன்னடத்திலோ எடுத்துச் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை, அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள், எனக்கு ஆத்திரமே இதில்தான். டிக்கெட் போட்டு, வாடகை மண்டபத்தில், ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால் கதை வேறு. அப்போதும் ஐ.பி.ஆர்.எஸ். மாதிரி பாட்டுகளின் உரிமை வைத்திருக்கிற அமைப்பிடம் நேராகப் போங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

சரி, ஜூன் மாலையை உங்கள் ஹாலிலேயே வையுங்கள். அன்று முழுக்க ராஜாதான், அந்த நாலு பேரே நடத்தட்டும். டிபன் செலவை மட்டும் பங்கு போட்டுக் கணக்கைக் குழுவில் போடுங்கள். அதற்கு முன்னால், வராமல் நின்றுபோனவர்களுக்குப் போன் செய்து ஜூலை மாதப் பாட்டுகளை அவர்களையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.