வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: பீடியை விட்டால் எடை கூடுகிறதே?

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு வேலை செய்கிறேன். வயது 54, உயரம் 168 சென்டிமீட்டர். 30 ஆண்டுகளாக நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிக்கிறேன். சென்ற ஆண்டு நான்கு மாதம் விட்டிருந்தேன். 51 கிலோவாக இருந்தவன் 56 ஆகிவிட்டேன். தொப்பை விழுந்தால் படகில் குனிந்து நிமிர முடியாதே என்று மறுபடியும் தொடங்கிவிட்டேன். குண்டானவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று மருமகன் செல்போனில் படித்துக் காட்டுகிறார். அப்படியானால் உடம்பை ஏற்றிக்கொண்டு பீடியையும் பிடிக்கலாமா? இப்போது 48 கிலோ இருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் மருமகன் படித்தது பொய்யில்லை. புகைபிடிப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில், மெலிந்தவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஏன் மெலிந்தார்கள் என்று கேட்காமல் முடிவுக்கு வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்துகிறது. உடல் சும்மா இருக்கும்போதும் சக்தியைச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க வைக்கிறது. விடியற்காலையில் ஒரு டீயும் இரண்டு பீடியும் உள்ளே போய்விட்டால் பத்து மணி வரை பசியே தெரியாது என்று உங்கள் தொழிலில் இருப்பவர்கள் என்னிடம் பெருமையாகவே சொல்வதுண்டு. ஆகவே, புகையை அதிகம் உள்வாங்குகிறவர் பெரும்பாலும் மெலிந்தவராகவும் இருக்கிறார். இரண்டு பேர் நாளுக்கு 20 பீடி என்று சொன்னாலும், ஒருவர் நெஞ்சு நிறைய இழுத்து நிறுத்துவார், மற்றவர் பாதியிலேயே எறிந்துவிடுவார்; ஆய்வாளரின் படிவத்தில் இரண்டுமே 20தான். அதிலும் பீடி இலை எளிதில் எரியாது என்பதால், அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புகையே பிடிக்காதவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால், மெலிவுக்கும் இந்த நோய்க்கும் இடையே தெரிந்த தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எடை கூடும் மரபணுக்களோடு பிறந்தவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. சில வகை நுரையீரல் புற்றுநோய்கள் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டன. எனவே பிரியாணி சாப்பிட்டு உடம்பை ஏற்றிக்கொண்டு பீடியைத் தொடர்வதற்கு மருத்துவத்தில் அனுமதி இல்லை.

நீங்கள் பயந்த அந்த ஐந்து கிலோவுக்கு வருவோம். புகையை விடுபவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடும். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிடும். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில், நம் நாட்டவருக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான அளவு. 51 கிலோவில் உங்கள் அளவு 18. அதாவது எடை போதாது. 56 கிலோவில் 19.8 ஆகியிருந்தீர்கள். தொப்பை என்று நீங்கள் நினைத்தது, பீடி உங்கள் உடம்புக்குத் தராமல் வைத்திருந்த பாக்கி. பிரிட்டனில் 1951இல் தொடங்கி டாக்டர்களையே 50 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், 50 வயதில் புகையை விட்டவர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டு ஆயுளையும், 60 வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டையும் மீட்டார்கள். உங்கள் 54 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட, உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. பழையபடி பீடி பிடித்தால் பழைய 51 கிலோவுக்குத்தான் திரும்ப வேண்டும். நீங்களோ அதற்கும் கீழே மூன்று கிலோ இறங்கியிருக்கிறீர்கள். நுரையீரல் புற்றுநோய் சில சமயம் இருமலுக்கும் முன்பே எடையைத் தின்னத் தொடங்கிவிடும். ஆய்வுகளில் மெலிந்தவர்களிடம் நோய் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எடைக்கணக்கு நினைவில்லாதவர்களிடம் நான் மீனவர் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வேன். படத்தில் இருக்கும் கன்னமும் எதிரே இருக்கும் கன்னமும் பதில் சொல்லிவிடும். வடசென்னையில் ஒருவர் இளைத்தால் முதலில் காசநோயைத்தான் நினைக்கிறோம். அது நியாயமே, புகைபிடிப்பவர்களுக்குக் காசநோயும் எளிதில் வரும். ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்; எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் அதற்குப் பிறகுதான் முக்கியமாகின்றன. ஸ்டான்லி மருத்துவமனையிலோ ஓட்டேரி அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ இந்த வாரமே காட்டுங்கள். எடை இறங்கிய கதையை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு என்று வேறு காரணமும் இருக்கலாம். அதையும் அங்கேயே பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: என் எடை 78 கிலோ. நான் புகைபிடிப்பதில்லை, கணவர் ஹாலில் ஜன்னலருகே நின்று பிடிப்பார். எடையால் எனக்கு இந்த நோய் வருமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: எடையால் நுரையீரலுக்குப் பெரிய பயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் உடற்பருமனோடு தொடர்புபடுத்திய 13 புற்றுநோய்களில் கருப்பை, பெருங்குடல், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் ஆகியவை உண்டு, நுரையீரல் இல்லை. உங்கள் நுரையீரலுக்கு ஆபத்து ஜன்னலருகே நிற்கிறது. புகைபிடிப்பவரோடு வாழும் புகைபிடிக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்று வேறு இருக்கிறது. வெளிக்காற்று மாசும் புற்றுநோய்க் காரணி என்று அதே அமைப்பு 2013இல் அறிவித்துவிட்டது. அந்தக் காற்றை உங்களால் ஜன்னல் சாத்தித் தடுக்க முடியாது, ஆனால் கணவரை வாசலுக்கு வெளியே அனுப்ப முடியும். அவர் கையில் இருக்கும் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிடப்பட்டிருக்கும். புகையை விட உதவுபவர்கள் அதில் பேசுவார்கள். அவர் கூப்பிடத் தயங்கினால் முதல் முறை நீங்களே கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுங்கள்.