‘ஓ க்ளேர் த லா லூன்’ என்ற பிரெஞ்சு நாட்டுப்பாடலின் வரலாறு என்ன?

நிலவொளியில் ஒருவன் நண்பன் பியரோவின் கதவைத் தட்டுகிறான். ஒரு சொல் எழுத வேண்டும், உன் இறகுப் பேனாவைக் கொடு. என் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது, நெருப்பும் இல்லை என்கிறான். பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து பிரான்சில் வழங்கிவரும் பாட்டு இது. மெட்டமைத்தவர் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் லூலி என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, நம்பிவிடாதீர்கள்.

என்னைச் சிலிர்க்க வைப்பது இதன் பிற்கால வரலாறு. 1860 ஏப்ரல் 9 அன்று எதுவார் லெயோன் ஸ்கோத் த மார்த்தன்வில் என்ற பாரிஸ்காரர் இந்தப் பாட்டின் ஒரு வரியைப் பதிவுசெய்தார். ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைத்த எடிசனின் ஃபோனோகிராஃப் கருவி வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு! புகைக்கரி படிந்த தாளில் ஒரு முள் அதிர்ந்து, ஒலியை நெளிகோடாகக் கீறியது. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்கலாம். காதால் கேட்க அன்று வழியில்லை.

2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தாளின் படத்தைக் கணினியில் ஏற்றி, கோட்டை மீண்டும் ஒலியாக்கினார்கள். கேட்டது ஒரு சிறுமியின் குரல் என்றே முதலில் எண்ணினார்கள். வேகம் இரு மடங்காக இருந்தது பிறகுதான் தெரிந்தது. பாதியாகக் குறைத்ததும், மெல்ல இழுத்துப் பாடும் ஓர் ஆணின் குரல் வந்தது. பெரும்பாலும் அது ஸ்கோத்தின் குரலேதான்.