பச்சைத்தேயிலைப் பணம்: ஐ.டி. துறையா, உலோகமா?

கேள்வி: 2 ஏக்கர் தேயிலை. மாதம் 5,000 ரூபாய் மிஞ்சுகிறது. ஐடி ஃபண்டில் போடவா, மலிவாகக் கிடைக்கும் உலோகப் பங்குகளிலா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டிலும் மொத்தமாக இறங்காதீர்கள். ஐடி ஃபண்ட் போன்ற துறை ஃபண்ட் குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறையிலேயே வைத்தாக வேண்டும். ஐடி நிறுவனங்களின் அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினால் ஒதுங்க இடமிருக்காது. 2022இல் ஐடி பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீடு கால் பங்கு சரிந்தது.

'மலிவு' என்பதிலும் கண்ணி உண்டு. உலோக நிறுவனத்தின் பி.இ. விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குறைவாகத் தெரியும். உலோக விலை இறங்கினால் லாபம் கரைந்து, அதே பங்கு விலையுயர்ந்ததாகிவிடும். பச்சைத்தேயிலை விலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்த உங்களுக்கு இது புரியும்.

3,500 ரூபாயை, 50 பெரிய நிறுவனங்கள் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக (மாதத் தவணையாக) போடுங்கள், வங்கி, ஐடி, உலோகம் மூன்றும் அதிலேயே உண்டு. ஐடிக்குத் தனியாக 500 போதும். மீதி 1,000 வங்கித் தொடர் வைப்பில் இருக்கட்டும்: கவாத்து செய்த பிறகு இலை வராத மாதங்களில் ஃபண்டை விற்க நேராது. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி.