தையில் வந்த பழ அழுகல் பங்குனி வெயிலில் சாகுமா?

கேள்வி: ஐயா, சாயல்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசலில் மானாவாரி முண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். தை பிறந்ததிலிருந்து கொப்புகள் நுனியிலிருந்து காய்கின்றன. பழத்தில் குழி விழுந்து வட்டவட்டமாகக் கறுக்கிறது. போன வருடமும் இதே கதைதான். "பங்குனி வெயிலில் தானாகச் செத்துவிடும், அதுவரை இதை அடியுங்கள்" என்று கடைக்காரர் மூன்று மருந்து கொடுத்தார். விதை சொந்த விதை, கடைசிப் பறிப்பில் எடுத்தது. வெயிலில் இது சாகுமா?

பதில்: சாகாது, முடங்கிக் கிடக்கும். இது கொலிடோட்ரைக்கம் பூஞ்சாணம். 28 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும். 35-ஐத் தாண்டினால் சுணங்கும். 40-ஐ நெருங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். பூஞ்சாணத்தின் நுண்வித்துகள் உண்டாகிப் பரவ ஈரமும் வேண்டும். தையில் உங்கள் பக்கம் இதமான பகல், ராத்திரிப் பனி, போதாததற்குக் கடல் காற்று. பனி நின்றதும் புதுப் புள்ளி குறையும். அதைப் பார்த்துத்தான் கடைக்காரர் செத்தது என்கிறார். காய்ந்த கொப்பிலும் உதிர்ந்த பழத்திலும் விதையிலும் அது உயிரோடுதான் இருக்கும்.

இப்போதைக்குக் காய்ந்த கொப்புகளை ஒடித்து, அழுகிய பழங்களைப் பொறுக்கி எரியுங்கள். பூஞ்சாண மருந்தில், லிட்டர் தண்ணீருக்கு மேங்கோசெப் 2 கிராம் அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம், 15 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் விட வேண்டும் என்று பாக்கெட்டிலேயே இருக்கும், பாருங்கள். அந்த மூன்றில் ஒன்று பூச்சி மருந்தாகவும் ஒன்று டானிக்காகவும் இருந்தால், அவை இரண்டும் கடைக்காரரின் வியாபாரத்துக்கு; உங்கள் செடிக்கு அல்ல.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டது விதையைப் பற்றி. நல்ல வத்தலைக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதில் விதை எடுப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சண்டு வத்தலில், அதாவது நிறம் கெட்ட கழிவு வத்தலில், எடுத்த விதை என்றால், நோயை நாமே முடிச்சுக் கட்டிப் பானையில் பத்திரப்படுத்திப் புரட்டாசியில் விதைக்கிறோம் என்று அர்த்தம்.

பளபளவென்று இருக்கும் பழமாகப் பொறுக்கினாலும் போதாது. இந்தப் பூஞ்சாணம் பச்சைக் காயிலேயே நுழைந்து, பழுக்கும்வரை வெளியே காட்டிக்கொள்ளாது. அதனால் பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். கொப்புக் காயாத செடிகள் ஐம்பது, அறுபது கிடைக்காமலா போகும்? அவற்றில் துணிக் கிழிசல் கட்டி, அந்தப் பழங்களைத் தனியாகப் பறித்து, களத்தில் குவித்துப் புழுங்க விடாமல் பரப்பிக் காயவையுங்கள். விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்துகொள்ளலாம். அது துணைக்குத்தான், கெட்ட விதையை நல்ல விதையாக்காது.

கிழிசலை இந்த வாரமே கட்டுங்கள். வெயில் ஏறி எல்லாச் செடியும் வாடிய பிறகு எது நோயில் காய்ந்தது, எது தண்ணீர் இல்லாமல் காய்ந்தது என்று பிரிக்க முடியாது.